ரமலான் கொடைச் சொற்கள்: பொருள் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

0. முன்னுரை

ரமலான் திங்களில் இசுலாமியர் வழங்கும் கொடைகள் சமய நோக்கிலும் சமூகவியல் நோக்கிலும் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. அக்கொடைகளைக் குறிக்கும் சொற்கள் இந்திய மொழிகளுக்குள் வந்து எய்திய பொருள் மாற்றங்களும் ஆராயத்தக்கனவே. ஜகாத், சதகா, பித்ரா என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் வேர்ப்பொருளையும், இந்திய மொழிகளில் அவை பெற்ற வழக்கையும், தமிழாக்கத்தில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை காண முற்படுகிறது. பொருள் மாற்றம் அகராதியோடு நின்றுவிடுவதில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த உரிமையில் சேரவேண்டும் என்பதைச் சொல்லே முடிவு செய்த இடங்கள் வரலாற்றில் உண்டு.

1. வேர்ப்பொருள்

ஜகாத் என்பது தூய்மை, வளர்ச்சி என்னும் இருபொருளும் தரும் அரபு வேரிலிருந்து பிறந்தது. செல்வத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பதால் எஞ்சியது தூய்மையுறும் என்பது இதன் உட்கிடை. சதகா 'உண்மை' என்னும் பொருளுடைய வேரினது. எபிரேய மொழியில் இதற்கு இனமான 'செதாக்கா' நீதியையும் அறக்கொடையையும் ஒருங்கே குறிக்கும். ஆக, செமித்திய மொழிகள் இரண்டிலும் கொடைக்குரிய சொல் இரக்கத்திலிருந்து பிறவாமல் வாய்மை, நீதி ஆகிய கருத்துகளிலிருந்து பிறந்துள்ளமை கருதத்தக்கது.

பித்ரா என்பது 'ஜகாத்துல் பித்ர்' என்னும் தொடரின் குறுக்கம். 'பித்ர்' என்பது நோன்பை முடித்தலைச் சுட்டும். நோன்பு திறத்தலைக் குறிக்கும் 'இஃப்தார்' என்பதும் இவ்வேரினதே. ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், கடமையாயிற்று. பித்ராவும் அவ்வாண்டிலேயே விதிக்கப்பட்டது என்பது மரபு.

இம்மூன்றனுள் ரமலானுக்கே உரியது பித்ரா ஒன்றுதான். ஜகாத், வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு முழுதும் ஒருவரிடம் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுப்பது. பொன்னுக்கு 20 மிஸ்காலும் வெள்ளிக்கு 200 திர்ஹமும் வரையறை. ரமலானில் செய்யும் அறத்துக்குப் பயன் மிகுதி என்னும் நம்பிக்கையால் பலரும் தம் ஆண்டுக்கணக்கை அத்திங்களிலேயே முடிக்கின்றனர். சதகா விருப்பக் கொடை என்றே பொதுவாக வழங்குகிறது. ஆயினும் குர்ஆன் 9:60 ஜகாத் பெறத்தக்க எண்வகையினரைக் கூறும்போது சதகா என்பதன் பன்மையையே ஆள்கிறது. எனவே 'ஜகாத் கட்டாயம், சதகா விருப்பம்' என்னும் பாகுபாட்டை எல்லா இடத்தும் பொருத்தும் மொழிபெயர்ப்பாளர் இங்கே பிழைபட நேரும்.

2. கடமை சுங்கமான வரலாறு

அரபியில் இச்சொல்லின் ஈற்றில் நின்ற எழுத்து பாரசீகத்தில் தகரமாக ஒலித்தது. பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளுக்கு அது 'ஜகாத்' என வந்தது. ஆனால் மராத்தியில் 'ஜகாத்' என்றாலும் கன்னடத்தில் 'ஜகாதி' என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது சுங்கமே. மராட்டிய நகரங்களின் எல்லையிலிருந்த சுங்கச்சாவடி 'ஜகாத் நாகா' எனப்பட்டது.

இம்மாற்றத்திற்கு ஆட்சிமுறையே காரணம். ஹனபி சட்டப்படி வழிச்சாலையில் நின்ற அரசு அலுவலர் வணிகச் சரக்கின்மீது முஸ்லிம் வணிகரிடம் 2½ விழுக்காடு பெற்றார். அது அவருடைய ஜகாத்தாகவே கணக்கிடப்பட்டது. அரசின் காப்பிலிருந்த பிற சமயத்தாரிடம் 5 விழுக்காடு பெறப்பட்டது. ஔரங்கசீப் 1665இல் விதித்த சுங்க விகிதமும் இவ்வாறே அமைந்திருந்தது. 1667இல் முஸ்லிம் வணிகருக்கு அது நீக்கப்பட்டது. சாவடியில் ஒரே அலுவலர் ஒரே வகைச் சரக்குக்கு வாங்கிய தொகைக்கு மக்கள் வழக்கில் ஒரே பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. நாளடைவில் சமயப்பொருள் தேய்ந்து, யார் கொடுத்தாலும் ஜகாத் என்றாயிற்று. 2017 சூலை 1இல் சரக்கு சேவை வரி வந்தபோது மும்பையில் இந்தச் 'சுங்க ஜகாத்' முடிவுற்றது. ஏழைக்குரிய ஜகாத்தோ அந்நகரத்து முஸ்லிம்களிடையே அதே பெயரில் தொடர்கிறது.

தமிழில் 'ஏழைவரி' என்னும் ஆக்கம் இதே திசையில் செல்கிறது. கட்டாயம் என்னும் கூற்றை அது சரியாக உணர்த்துகிறது. ஆனால் வரி அரசுக்குரியது; கொடுப்போன் கையை விட்டு அகன்றதும் அது யாரிடம் சேர்ந்தது என்பது அவன் பொறுப்பன்று. ஜகாத்திலோ பெறுவோர் யாவர் என்பதே சட்டத்தின் பாதி. இன்று இந்தியாவில் ஜகாத்தைத் திரட்டும் அரசு அமைப்பு இல்லை. கொடுப்போரே பெறுவோரைத் தேடிச் செல்கின்றனர். அதனால் 'வரி' என்னும் சொல் நடைமுறைக்கும் பொருந்தவில்லை.

3. அளவைச் சொல்லும் அளவும்

பித்ராவின் அளவு ஆளுக்கு ஒரு 'ஸாவு'. ஸாவு நான்கு 'முத்து' கொண்ட முகத்தலளவை. நம் நாழி, படி, மரக்கால் போன்றது. இதனை எடையாக்கியபோது மதீனாவினர் 5⅓ ராத்தல் என்றும் ஈராக்கியர் 8 ராத்தல் என்றும் கொண்டனர். கோதுமையாயின் அரை ஸாவு போதும் என்பது ஹனபி நெறி.

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் இடர் உண்டு. 'ராத்தல்' அரபுச் சொல்லேயாயினும் தமிழில் அது ஆங்கிலேயரின் பவுண்டைக் குறிக்கலாயிற்று. பாக்தாத் ராத்தல் ஏறத்தாழ 400 கிராம். தமிழ் வழக்கின் ராத்தல் ஏறத்தாழ 454 கிராம். 5⅓ ராத்தல் என அப்படியே எழுதினால் 2.1 கிலோ அளவில் இருக்கவேண்டியது 2.4 கிலோவாகப் படிக்கப்படும். சொல் ஒன்றாயிருப்பதே இங்குப் பிழைக்குக் காரணமாகிறது. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி நெறியினர். முதன்மை உணவாகிய அரிசியையே அளந்து கொடுப்பர். ஹனபி நெறியினர் விலையாகக் கொடுப்பதும் உண்டு. 'பித்ரா அரிசி', 'பித்ராப் பணம்' என்னும் இருவழக்கும் இவ்வேறுபாட்டின் பதிவுகள் எனலாம்.

4. ஒரு சொல்லும் ஒரு தீர்ப்பும்

மொழிபெயர்ப்பு வழக்குமன்றம் ஏறியதும் உண்டு. தன் குடும்பத்தாரைப் பேணுவதும் சதகாவே என்பது இசுலாமிய மரபு. இதன் அடிப்படையில் முதற்பயன் வழித்தோன்றல்களுக்கும் இறுதிப்பயன் ஏழையர்க்குமாக வக்ஃபுகள் எழுதப்பட்டன. 1894இல் அபுல் பதா வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், இத்தகைய வக்ஃபில் ஏழையர்க்கான பகுதி வெறுந்தோற்றமே எனக்கூறி அதனைச் செல்லாதென்றது. ஆங்கில வழக்கின் 'அறக்கொடை' அயலாருக்குச் செய்வது. சதகாவின் இடத்தில் அக்கருத்து அமர்ந்தபோது சொத்துகளின் நிலையே மாறியது. 1913இல் இயற்றப்பட்ட சட்டம் இதனைத் திருத்தியது. முன்னரே எழுதப்பட்ட வக்ஃபுகளுக்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டம் அக்காப்பை நீட்டித்தது. இடைப்பட்ட காலத்தில் வழக்குத் தோற்ற குடும்பங்கள் ஒரு சொல்லின் தவறான இணைக்கு விலை கொடுத்தன என்பது மிகையன்று.

5. தமிழ்ச் சொற்களின் தகுதி

தமிழ் முஸ்லிம்கள் நோன்பு, தொழுகை, பள்ளிவாசல், ஓதுதல் என வழிபாட்டுச் சொற்களைத் தமிழிலேயே கொண்டனர். கொடைச் சொற்களை மட்டும் அரபியிலேயே வைத்துக்கொண்டனர். நோன்பு என்னும் செயல் பிற சமயத்தாரிடமும் இருந்தமையால் சொல் இடம்மாற முடிந்தது. அளவும் காலமும் பெறுவோரும் வரையறுக்கப்பட்ட கொடைக்கு ஒப்பான சொல் கிடைக்கவில்லை எனக் கருதலாம்.

மேலும், தமிழின் கொடை வினைகள் கொடுப்போர், பெறுவோர் ஆகியோரின் ஏற்றத்தாழ்வைத் தம்முள் கொண்டவை. ஈ என்பது தாழ்ந்தோன் கூற்று, தா என்பது ஒத்தோன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியம் இரப்போர் நிலைநோக்கிப் பகுத்துள்ளது. 17ஆம் நூற்றாண்டுக் கீழக்கரைச் சீதக்காதியைத் தமிழுலகம் 'வள்ளல்' எனப் போற்றியது கொடுப்போனின் புகழை முதன்மைப்படுத்தும் மரபே. ஜகாத்திலோ புகழுக்கு இடமில்லை. செல்வத்தில் இரப்போர்க்கும் இல்லார்க்கும் உரிமை உண்டு என்பதே குர்ஆன் 51:19, 70:24-25 ஆகியவற்றின் கருத்து.

'ஈதுல் பித்ர்' தமிழில் 'ஈகைத் திருநாள்' ஆனதும் எண்ணத்தக்கது. நேர்ப்பொருள் 'நோன்பு முடிக்கும் பெருநாள்' என்பதே. 'ஈத்', 'ஈகை' ஆகியவற்றின் ஒலியொப்புமை இவ்வழக்குக்குத் துணைநின்றிருக்கலாம். சொல்லுக்குச் சொல் நோக்கின் இது பிழை. பெருநாள் தொழுகைக்கு முன்னர்ப் பித்ரா கொடுக்கப்பட வேண்டும் என்னும் விதியை நோக்கின், அந்நாளின் நடைமுறையை இப்பெயர் சரியாகவே பிடித்துள்ளது. வறியவர்க்கு எதிர்ப்பயன் கருதாது வழங்குவதே ஈகை எனத் திருக்குறளின் 23ஆம் அதிகாரம் வரையறுப்பதும் இதற்கு அரண்.

6. முடிவுரை

சட்டம் சார்ந்த நூல்களில் ஜகாத், சதகா, பித்ரா ஆகியவற்றை அப்படியே ஆள்வதும், அளவைகளுக்கு இன்றைய எடையை உடன் தருவதும் பாதுகாப்பானவை. பொது வாசகர்க்கு விளக்கம் வேண்டுமிடத்து 'ஏழைவரி'யைவிடக் 'கடன்' என்னும் சொல் நெருங்கி வருகிறது. தமிழில் கடன் என்பது கடமையையும் திருப்பித்தர வேண்டிய பொருளையும் குறிக்கும். கொடுக்காது இறந்தவரின் ஜகாத், வாரிசுகள் பங்கிடுமுன் அவர் சொத்திலிருந்து எடுக்கப்பட வேண்டிய கடன் என்பது ஷாபி நெறி.

இச்சொல்லின் இனமான 'கடமை' சோழர் கல்வெட்டுகளில் நிலவரியைக் குறித்தது; இன்று அது ஒழுக்கக் கட்டுப்பாட்டைக் குறிக்கிறது. அரசின் பேரேட்டில் இருந்த சொல் மனத்தின் சொல்லாயிற்று. மராத்தியில் ஜகாத் சென்ற வழி இதற்கு நேர் எதிரானது. இவ்விருவழிகளையும் அறிந்த மொழிபெயர்ப்பாளர், பெறுவோரின் உரிமை மறையாத சொல்லைத் தேர்வார் என எதிர்பார்க்கலாம்.