மன்னார்ப் பெருக்கமரம்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனைக்குச் செல்வோர் விந்தையானதொரு மரத்தைக் காண்பர். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 64 அடி; உயரமோ 25 அடியளவே. வேரோடு பிடுங்கித் தலைகீழாக நட்டாற்போன்ற கிளைகளையுடைய அதனைப் பெருக்கமரம் என்பர். அராபிய வணிகர் 1477ஆம் ஆண்டில் அதனை நட்டனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. மரம் நட்ட ஆண்டு இத்துணைத் திட்டமாகக் கூறப்படுவதே வரலாற்று மாணவனை ஐயுறச் செய்தல் வேண்டும்.

இம்மரம் ஈழத்துக்கு உரியதன்று என்பதில் ஐயமில்லை. கெய்ரோச் சந்தையில் விற்கப்பட்ட இதன் கனியைப் புரோசுப்பர் அல்பினி என்னும் இத்தாலியர் 1592இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். மரத்தை அதன் தாயகத்திலே கண்டு ஆராய்ந்தவர் மிசேல் அதான்சன் என்னும் பிரான்சியர். 1749 முதல் 1753 வரை செனகலில் வாழ்ந்த அவர் பெயரால் லின்னேயசு 1759இல் இதற்கு ‘அடன்சோனியா திசிற்றாற்றா’ எனப் பெயரிட்டார். இலை கைவிரல்போற் பிரிந்திருத்தலைப் பின்மொழி குறிக்கும். நெடுங்காலம் இலவமரத்தோடு ஒரு தனிக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இப்பொழுது அவ்விலவோடு பருத்தியும் பூவரசும் அடங்கிய பெருங்குடும்பத்திற் சேர்க்கப்பட்டுள்ளது.

இச்சாதியில் எட்டு இனங்கள் உள. ஆறு மடகஸ்காரிலும், ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கிலும், எஞ்சிய ஒன்றாகிய நம் மரம் சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட புன்னிலங்களிலும் இயற்கையாக வளர்வன. சாதியின் பிறப்பிடம் மடகஸ்காரே என்றும், அங்கிருந்து கனிகள் கடலில் மிதந்து ஏனைய கண்டங்களை அடைந்தன என்றும் 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று கூறுகிறது. அங்ஙனமாயின் மன்னாருக்கும் கடலே கொணர்ந்திருக்கலாகாதோ எனில், இங்குள்ள மரங்கள் பழைய துறைகளையும் குடியிருப்புக்களையும் அடுத்தே நிற்கின்றன. ஆதலின் மனிதர் கைப்பட்டு வந்தன என்று கொள்வதே பொருத்தம். தமிழில் இதற்குள்ள மற்றொரு பெயராகிய ‘பப்பரப்புளி’யும் பப்பர நாட்டிலிருந்து வந்ததென்பதையே காட்டுகிறது.

கொணர்ந்தவர் யார், எக்காலத்தவர் என்பதே வினா. மரத்தின் பருமன் இதற்கு விடை தராது. பருமனை நம்பிக் கணித்த அதான்சன், இம்மரங்கள் ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் என்றார். கதிரியக்கக் கரிமமுறையால் அளந்தபோது மிகப் பழையதற்கும் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டளவே கிடைத்தது. பல தண்டுகள் ஒன்றாய்ப் பொருந்தி ஒரே அடிமரம்போல் தோன்றுதல் இம்மரத்தின் இயல்பாகலின், 64 அடியைக் கொண்டு 1477ஐ நிறுவ இயலாது.

பயணியர் குறிப்புக்களும் அதிகம் உதவுவனவல்ல. 1344இல் புத்தளத்தில் இறங்கிய இபன் பதூதா கறுவாவைக் குறிப்பிட்டார், இம்மரத்தைக் குறிப்பிட்டாரல்லர். 1352இல் மாலி நாட்டுக்குச் செல்லும் வழியில், பொந்தினுள்ளே நெசவாளன் ஒருவன் தறியிட்டிருந்த பெருமரத்தைக் கண்டு வியந்தார். அது பெருக்கமரமே என்பர். ஆயினும் ஒருவர் எழுதாமை கொண்டு ஒன்று இருந்ததில்லை என முடிவுகட்டல் தகாது. எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் இம்மரங்களைக் கூறி, அராபியர் கொணர்ந்திருத்தல் கூடும் என்றார். இன்று ஊர்மரபு என வழங்குவது அவ்வாங்கிலேய அதிகாரியின் ஊகமே நூல்வழிப் பரவியதாகவும் இருக்கலாம். இதனை ஆராயாது விடுதல் கூடாது.

2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒரு புதிய வழியைத் திறந்துள்ளது. இந்திய மரங்கள் மொம்பாசா, தாரெசலாம் கரையிலுள்ளவற்றுக்கே மிக நெருங்கியவை. எனினும் தென்கிழக்கிந்திய மரங்கள் மேற்காபிரிக்க மரங்களோடு ஒருதொகுதியாய் நிற்கின்றன. பின்னவை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் வாயிலாக வந்தன என்பது ஆய்வாளர் முடிபு. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள நிலை இதுவாகலின், இப்பால் மன்னாரிலும் அராபியர் கதையை வினாவின்றி ஏற்கலாகாது. அவ்வாய்வில் ஈழத்து மரங்கள் இடம்பெறவில்லை. மன்னார் மரம் கிழக்காபிரிக்கக் கரையோடு ஒத்திருப்பின் பழைய செய்தி வலுப்பெறும். மேற்காபிரிக்காவோடு ஒத்திருப்பின் ஐரோப்பியர் கப்பல்களையே நோக்கவேண்டும். இதற்கு வேண்டுவது சில இலைகளே. அவற்றைப் பறிப்போர், உள்ளே ஆள் நிற்கத்தக்க பொந்தோடு நெடுந்தீவில் நிற்கும் மரத்தையும் மறத்தலாகாது.