சங்கர் குமார் பால்

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வடிவ அறிதல் ஆய்வை வளர்த்த கணினி அறிவியலாளர். அந்நிறுவனத்தின் இயக்குநராக 2005 முதல் 2010 வரை இருந்தவர். 1969-இல் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்று, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வானொலி இயற்பியல், மின்னணுவியல் துறையில் 1974-இல் எம்.டெக்., 1979-இல் முனைவர் பட்டம் பெற்றார். இவர் இயற்பியலைக் கைவிட்டுக் கணினிக்கு வந்தவர் என்று எண்ணத் தோன்றும். இவருடைய தொடக்கக்கால ஆய்வோ இயற்பியலாளரின் அளவீட்டுப் பழக்கத்திலிருந்தே பிறந்தது. துவிஜேஷ் தத்த மஜும்தாருடன் 1977-இல் வெளியிட்ட கட்டுரையே இதற்குச் சான்று. தெலுங்குச் சொற்களில் வரும் உயிரொலிகளைக் கணினி இனங்காண வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒலி ஒவ்வொன்றுக்கும் குரல்வழியின் ஒத்ததிர்வு அதிர்வெண்களை அளந்து, அந்த எண்களை அதன் அடையாளமாகக் கொண்டனர். மூன்று ஆண்களின் குரலில் பதிவான 871 உயிரொலிகளைக் கொண்ட இவ்வகைத் தரவுத் தொகுப்பு, பிற்கால ஆய்வுகளிலும் சோதனைக்களமாயிற்று. அளந்து பார்த்தால் எகரமும் இகரமும் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கோடு கிழித்துப் பிரிக்க வழியில்லை. ஆகவே ஓர் ஒலி ஒவ்வொரு வகுப்பிலும் எந்த அளவுக்குச் சேரும் என்பதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணால் குறித்தனர்.

அப்படி அளவிட்டுக் குறிக்கும் ஃபஸி கணக் கோட்பாடு மின்பொறியியலாளர் லோட்ஃபி ஸாதே 1965-இல் தந்தது. இதில் இயற்பியலுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருவியைத் தந்தவர் ஸாதே. அது தேவைப்படும் இடத்தைக் காட்டியது அளவீடு. வானொலி இயற்பியல் என்பதே பொறியியல்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. பட்டத்தின் பெயரளவில் அது சரி; ஆனால் அத்துறையை 1949-இல் நிறுவிய சிசிர் குமார் மித்ரா அயனி மண்டலத்தை ஆராய்ந்த இயற்பியலாளர். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கதையும் இதுவே: பிரெசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மகாலனோபிஸ் 1931-இல் தொடங்கியது. 1953-இல் சமரேந்திர குமார் மித்ராவின் குழு பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் அனலாக் கணினியை அங்கே உருவாக்கியது. பிரிட்டனிலிருந்து வந்த ஹெச்.இ.சி.-2எம், இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியாக அங்கேதான் நிறுவப்பட்டது.

இந்தச் சூழலுக்குள் பால் 1975-இல் வந்து சேர்ந்தார். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றார். 1990-இல் பட்நாகர் விருதும் 2013-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1993-இல் அவர் அமைத்த இயந்திர நுண்ணறிவுப் பிரிவு, உயிரொலியில் கற்ற அதே முறையைப் படச் செயலாக்கத்திலும் தொடர்ந்தது: ஒரு படத்தில் பொருள் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்பதும் அளவால் மட்டுமே சொல்லக்கூடியது.