கத்தினார்... ஆனால், வலித்ததா?

1844, டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களில் ஆசைப்பட்டவர்களை மேடைக்கு அழைத்து, 'சிரிப்பு வாயு'வை சுவாசிக்கக் கொடுத்தார் கோல்ட்டன் என்பவர். நைட்ரஸ் ஆக்ஸைடுதான் அது! இழுத்தவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், சண்டைக்குப் போனார்கள். அரங்கத்தில் ஒரே கும்மாளம்!

சாமுவேல் கூலி என்ற இளைஞரும் வாயுவை இழுத்துவிட்டுத் தாறுமாறாக ஓடி, பெஞ்சுகளில் மோதிக்கொண்டார். காலில் ரத்தம். மனிதர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஹோரஸ் வெல்ஸ், உள்ளூர் பல் டாக்டர்.

மறுநாளே, அதே வாயுவை இழுத்துவிட்டு, தன் பல் ஒன்றைச் சக டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னார் வெல்ஸ். வலி? ஊஹூம்!

இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டாமா? 1845 ஜனவரியில் பாஸ்டனுக்குப் போனார். மருத்துவ மாணவர்கள் கூடியிருக்க, ஒருவருக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார்களோ என்னவோ, நோயாளி 'ஆ'வென்று கத்திவிட்டார். 'மோசடி!' என்று கூச்சல். தலைகுனிந்து வெளியேறினார் வெல்ஸ். இதில் கொடுமை என்ன தெரியுமா? கத்திய அதே நோயாளி பிறகு, தனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று சொன்னார். யார் காதிலும் அது ஏறவில்லை.

1846, அக்டோபர் 16. அதே பாஸ்டன். வெல்ஸோடு சேர்ந்து தொழில் செய்த வில்லியம் மார்ட்டன், கில்பர்ட் அபட் என்ற நோயாளியை ஈதர் கொடுத்து மயக்கினார். கழுத்துப் பக்கமிருந்த கட்டியை அகற்றினார் டாக்டர் வாரன். அபட்டும் கை கால்களை அசைத்தார், ஏதோ முனகினார்! ஆனால் கண் விழித்ததும், கழுத்தைச் சுரண்டியதுபோல் இருந்தது, வலிக்கவில்லை என்றார். மார்ட்டன் சரித்திரத்தில் ஏறிவிட்டார்.

வெல்ஸ்? குளோரோஃபார்மைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையாகி, புத்தி தடுமாறி, நியூயார்க் தெருவில் பெண்கள்மீது அமிலம் வீசிக் கைதானார். 1848 ஜனவரியில், சிறையில் தொடை ரத்தக்குழாயை அறுத்துக்கொண்டு உயிரை விட்டார். வயது 33.

இரண்டு நோயாளிகளுமே சத்தம் போட்டார்கள். ஒருவர் தோல்வி, இன்னொருவர் வெற்றி. சத்தம் போடுவதும் வலியை உணர்வதும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்கு மருத்துவம் மறுபடி வந்து சேர, நூறு வருஷங்களுக்கு மேல் ஆனது. 1942-ல், தசைகளைத் தளர்த்தும் க்யூராரே என்ற மருந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தது. உடம்பு அசையாமல் கிடந்தால் சர்ஜனுக்கு வசதி. ஆனால், உள்ளே விழித்திருக்கும் நோயாளி கத்த நினைத்தாலும் முடியாதே! 1977-ல் டன்ஸ்டால் என்ற டாக்டர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். தசை மருந்து போய்ச் சேராதபடி ஒரு கையில் மட்டும் பட்டையை இறுகக் கட்டிவிட்டு, "என் கையை அழுத்துங்கள்" என்றார். 'மயக்கத்தில்' இருந்த சிலர் அழுத்தினார்கள்! விழித்ததும் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே ஞாபகமில்லை.

அப்படியானால், மயக்க மருந்து மூளைக்குள் என்னதான் செய்கிறது? விளக்கை அணைப்பதுபோல் மூளையை அணைத்துவிடுவதில்லை. இன்று அதிகம் பயன்படும், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபஃபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறியதும் மூளையில் மெதுவான, பெரிய அலைகள் எழுகின்றன. நரம்பணுக்கள் அப்போதும் துடிக்கின்றன. ஆனால், ஒவ்வொரு வட்டாரமும் தனக்குத் தோன்றிய நேரத்தில்! காது கேட்ட சத்தம் அதற்குரிய பகுதிவரை போய்ச் சேரலாம். அங்கிருந்து மற்ற பகுதிகளுக்குச் சேதி போவதும், பதில் வருவதும்தான் குலைந்துபோகிறது. வீட்டுக்கு வீடு டெலிபோன் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் மட்டும் வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'நான்' என்று நாம் சொல்லிக்கொள்வது, அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்வரைதான் போலிருக்கிறது!

1864-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், மயக்க மருந்தின் தந்தை வெல்ஸ்தான் என்று அறிவித்தது. அவர் செத்து பதினாறு வருஷம் கழித்து. அந்த பாஸ்டன் நோயாளி கத்தியபோது உள்ளே வலியை அனுபவிக்க ஒரு 'ஆள்' இருந்தாரா, அல்லது வலித்து, பிறகு மறந்துபோனாரா? வெல்ஸைக் கொன்ற கேள்வி இன்னமும் ஆபரேஷன் தியேட்டரில் உயிரோடுதான் இருக்கிறது.