தூத்துக்குடியிலிருந்து கோலாலம்பூர் வரை: ஒரு ஆய்வு மாநாடு உருவான கதை

(பேச்சு வடிவம் வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

எம்.ஏ., பிஎச்.டி. படிக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு நாள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அறிவிப்பு வரும்: ஆய்வுக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. கீழே தலைப்புகள், இத்தனை சொல்லுக்குள்ள ஆய்வுச் சுருக்கம், அனுப்பக் கடைசித் தேதி. அந்தத் தேதிக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நாம அதைத் தொட மாட்டோம், அது வேற கதை. அனுப்பினதுக்கு அப்புறம் நமக்கு முகம் தெரியாத சிலர் அதைப் படிப்பாங்க. எடுத்துக்கிறோம், வேண்டாம், இந்த இடத்தைத் திருத்துங்க. இந்த மூணுல ஒரு பதில் வரும்.

சின்ன ஏற்பாடுதான். ஆனா ஒரு துறை 'துறை'யா நிக்கிறதுக்கு இது வேணும். தமிழ் ஆய்வுக்கு உலக அளவில் இப்படி ஒரு இடம் 1964-க்கு முன்னால் கிடையாது. அதை உருவாக்கின முக்கியமான ஆள், தன் வேலையைத் தொடங்கினது சென்னையிலோ மதுரையிலோ இல்லை. தூத்துக்குடியில்.

முத்துக்குளித்துறைக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913-ல் யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்துக் குருவானவர். 1940-ல் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். தமிழ் இலக்கியத்தில் மட்டும் ஆழமான பயிற்சி இல்லை. அங்கேதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் உட்கார்ந்து தமிழ் படித்தார். அது பத்தாதுன்னு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய் முறையாகவும் படித்தார்.

1948-ல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கினார். 1952-ல் 'தமிழ் கல்ச்சர்' என்ற காலாண்டிதழ். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவருடைய ஆய்வு நூலும் அந்தக் கழகத்தின் வெளியீடாகத்தான் வந்தது.

தமிழுக்காக ஒரு இதழ், அதுவும் தூத்துக்குடியில், ஏன் ஆங்கிலத்தில்? ஏன்னா அவர் பேச நினைச்சது தமிழ் தெரியாதவங்ககிட்ட. முந்தைய சில வருஷங்கள்ல ஜப்பான், அமெரிக்கான்னு பல நாடுகளுக்குப் போய்ப் பேசியிருந்தார். தமிழ் என்றால் என்னன்னே தெரியாத அறிஞர்களைப் பார்த்திருந்தார். அவங்க படிக்கணும், சந்தேகம் கேட்கணும், முடிஞ்சா மறுக்கணும். அதுக்கு அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில் எழுதித்தான் ஆகணும்.

இந்தக் கடற்கரையே அவருக்கு நல்ல பாடமாகவும் இருந்தது. 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக அன்றீக் அன்றீக்கஸ் பாதிரியார் தமிழ் கற்று எழுதிய 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. அதுக்கும் முன்னால், 1554-ல் லிஸ்பன் நகரில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் இருக்கு. இந்தப் பழைய அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிப் பார்த்து, 'தமிழ் கல்ச்சர்' இதழில் எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார் அடிகளார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. தமிழ் பெருமை மிக்க மொழின்னு மேடையில சொன்னா கைதட்டு கிடைக்கும், விஷயம் அங்கேயே முடிஞ்சிடும். இந்த ஆண்டு, இந்த ஊர், இந்த நூலகம்னு எழுதினா, படிக்கிறவர் நேர்ல போய் சரிபார்க்கலாம். தப்புன்னா தப்புன்னு சொல்லலாம். அடிகளார் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழி.

எந்தப் பிரிவுக்கு அனுப்புறது?

சரி, இதழ் இருக்கு. நேர்ல கூடிப் பேச இடம்? 1873-ல் பாரிஸில் தொடங்கின கீழைத்தேயவியலாளர் மாநாடு இருந்தது. எகிப்திலிருந்து ஜப்பான் வரை எல்லாம் அதற்குள்ளே. இந்தியாவுக்கு ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் சமஸ்கிருதத்துக்குத்தான் பெரிய இடம். தமிழ்க் கட்டுரை ஒன்று உள்ளே போனாலும், அதைக் கேட்கிறவங்கள்ல எத்தனை பேருக்குச் சங்க இலக்கியம் தெரியும்? கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் கட்டுரை படிப்பதும் படிக்காமல் இருப்பதும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

1964 ஜனவரியில் அந்த மாநாட்டின் 26-வது கூட்டம் டெல்லியில் நடந்தது. தமிழிலும் திராவிட மொழிகளிலும் வேலை செய்த பல நாட்டு அறிஞர்கள் ஒரே ஊரில் இருந்தாங்க. அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் அவங்களைத் தனியா ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஜனவரி 7 அன்று உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவர், பிரான்ஸின் ழான் ஃபிலியோசா. பொதுச் செயலாளர்கள், அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும். தமிழுக்கான மன்றத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் தலைவர்! இது மரியாதைக்காகக் கொடுத்த பதவி இல்லை. தமிழைப் பற்றித் தமிழர்கள் மட்டுமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் இடம் இது இல்லை என்ற அறிவிப்பு அது.

1966, கோலாலம்பூர்

அப்போது அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறையின் தலைவர். முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை அங்கேதான். அதன் ஆங்கிலப் பெயரிலேயே மாநாடு, கருத்தரங்கு என்ற இரண்டு சொல்லும் சேர்ந்திருக்கும். கூடுவது ஒரு பாதி, உட்கார்ந்து வாதிடுவது இன்னொரு பாதி.

ஈமெயில் இல்லாத காலம். பல நாடுகளுக்கு விமானத் தபால் போகணும், பதில் வரணும், கட்டுரை வரணும், அதைத் தலைப்புவாரியாப் பிரிக்கணும். மாநாடு முடிஞ்ச பிறகும் வேலை ஓயலை. படித்த கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, 1968-லும் 69-லும் இரண்டு பெரிய தொகுதிகளா வந்தன. கோலாலம்பூருக்குப் போகாத ஒருவர் இன்றைக்கும் அதை எடுத்துப் படித்து மறுக்கலாம்.

திருவிழா உள்ளே வந்தது

இரண்டாவது மாநாடு 1968 ஜனவரி, சென்னை. முதலமைச்சர் அண்ணா. ஊரே திரண்டது. மெரினாவில் இன்று நாம செல்ஃபி எடுக்கிற கண்ணகி, திருவள்ளுவர், ஔவையார் சிலைகள் எல்லாம் அந்த மாநாட்டை ஒட்டி வந்தவைதான். அதுல தப்பு ஒண்ணும் இல்லை. தன் மொழியைப் பற்றி உலகம் பேசுதுன்னா மக்கள் கொண்டாடத்தான் செய்வாங்க. ஆனா அன்றிலிருந்து ஒரே பெயரில் ரெண்டு நிகழ்ச்சி ஓட ஆரம்பிச்சது: வெளியே விழா, உள்ளே ஆய்வரங்கு.

1970-ல் பாரிஸ். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம். அங்கே நிறைவு நாளான ஜனவரி 10 அன்று, திரண்டிருந்த மக்கள் மேல் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. 9 பேர் உயிரிழந்தார்கள். தமிழாய்வு மாநாடு என்ற சொல்லுக்கு ஈழத்தில் இன்றும் அந்த நினைவு ஒட்டியே இருக்கு. அடிகளார் 1980 செப்டம்பரில் காலமானார். சில மாதங்களில், 1981 தொடக்கத்தில், ஐந்தாவது மாநாடு மதுரையில் அவர் இல்லாமல் நடந்தது.

எத்தனை மாதம் வேணும்?

விழாவும் ஆய்வும் நேருக்கு நேர் மோதினது 2010-ல். அப்போது மன்றத்தின் தலைவர் நொபொரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளை வைத்து அந்தக் காலச் சமூகத்தை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர். 2009 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, ஒன்பதாவது மாநாட்டை 2010 ஜனவரியில் கோவையில் நடத்தலாம்னு விரும்பியது. கராஷிமா ஒத்துக்கலை. ஒரு சர்வதேச ஆய்வு மாநாட்டுக்குக் குறைந்தது ஒரு வருஷம் வேணும்னார். அரசு ஜூன் வரை தள்ளத் தயாரா இருந்தது. அவர் கேட்டது 2010 டிசம்பர் அல்லது 2011 ஜனவரி. கடைசியில் மன்றம் இல்லாமலே, 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு' என்ற பெயரில் ஜூன் 23 முதல் 27 வரை அது நடந்தது.

கோவையிலும் ஆய்வரங்குகள் நடந்தன. சிந்துவெளி ஆய்வாளர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு விருதும் கொடுத்தாங்க. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா கராஷிமாவின் கேள்வி அப்படியே நிக்குது. அறிவிப்புப் போய், ஒருத்தர் யோசிச்சு எழுதி, இன்னொருத்தர் அதைப் படிச்சுத் திருத்தம் சொல்லி, திரும்ப வர்றதுக்கு நேரம் கொடுக்கலைன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே கையில் இருக்கிறதைத்தான் எல்லாரும் அனுப்புவாங்க. 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்காது. மேடை நிரம்பும். ஆனா புதுசா ஒண்ணும் தெரியவராது.

ஒரு மாநாடு எவ்வளவு பெரிசுன்னு பந்தலை வைத்துச் சொல்லலாம். எவ்வளவு நல்லதுன்னு தெரியணும்னா, கட்டுரை கேட்ட நாளுக்கும் படித்த நாளுக்கும் நடுவுல எத்தனை மாதம் இருந்ததுன்னு பாருங்க. அப்புறம், திருப்பி அனுப்பின கட்டுரை எத்தனைன்னு கேளுங்க. அடுத்த தடவை உங்களுக்கு 'திருத்தி அனுப்பவும்'னு பதில் வந்தா, வருத்தப்படாதீங்க. உங்க கட்டுரையை யாரோ உண்மையிலேயே படிச்சிருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.