பழவேற்காட்டில் ஒரு பகல்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து, பறங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. தண்ணீர் தானே வழி கண்டு போய்விடுகிறது. கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கோ கடல் என்பது எப்போதேனும் பேருந்தேறிச் சென்று காணும் பொருள். அப்படியிருக்க, பக்கத்துப் பறங்கிப்பேட்டையை விட்டுவிட்டுச் சென்னைக்கும் வடக்கே ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்கு, இரவெல்லாம் பயணம் செய்து, ஒரு பகற்பொழுது மட்டும் தங்கி வந்தது எதற்காக என்று நண்பர்கள் வினவினர். காரணம் ஒரு கடிதம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஒல்லாந்து தேசத்தில் பணிபுரிகிறார். விடுமுறை நாளொன்றில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலேறி லெய்டன் நகரைக் கண்டு வந்ததை விரிவாக எழுதியிருந்தார். தெருவுக்குத் தெரு கால்வாய். கால்வாய்க்கு மேல் சிறு பாலங்கள். ராப்பன்புர்க் என்னும் கால்வாயின் கரையில், 1575-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகை. இவற்றையெல்லாம் வருணித்துவிட்டு, "ஹஜ்ரத், தாங்கள் எங்களுக்கு மனனம் செய்வித்த ஆஜுர்ரூமிய்யாவை இந்த ஊர்க்காரர் ஒருவர் 1617-லேயே அச்சிட்டுவிட்டாராமே, தெரியுமா?" என்று முடித்திருந்தார்.

நமக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைப் பாடத்தில் சொன்னதில்லை. மாணவர் கேட்ட பிறகுதான் நூல்களைப் புரட்டி ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம்; அப்போது ஓர் ஆண்டு நம்மைத் திடுக்கிட வைத்தது.

தாமஸ் எர்ப்பேனியஸ் என்பவர் லெய்டனில் அரபு மொழிப் பேராசிரியராக அமர்ந்தது 1613-ஆம் ஆண்டு. அவர் லத்தீனில் எழுதிய அரபு இலக்கண நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு. மொராக்கோ சுல்தான் மௌலாய் ஸைதானின் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய அஹ்மத் இப்னு காஸிம் அல்ஹஜரீ என்னும் அந்தலூஸியப் பெரியாரை எர்ப்பேனியஸ் 1611-இல் பிரான்சில் சந்தித்து, அவரிடம் அரபு பயின்றார். ஸ்பெயின் தன் முஸ்லிம் வழிக் குடிகளை நாட்டைவிட்டே துரத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர்களிடம் கடலில் பறிக்கப்பட்ட பொருள்களை மீட்பதற்காக அல்ஹஜரீ அங்கே அனுப்பப்பட்டிருந்தார். 1613-இல் அவரே ஒல்லாந்துக்கும் வந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் எர்ப்பேனியஸ் லத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சிட்ட ஆஜுர்ரூமிய்யா, ஹிஜ்ரி 723-இல் மறைந்த இப்னு ஆஜுர்ரூமின் அதே சிற்றேடு. "கலாம்" என்றால் என்ன என்று தொடங்கி, பிள்ளைகள் தலையை ஆட்டி ஓதும் அதே பாடம்.

அந்த 1613-ஆம் ஆண்டில்தான் அதே ஒல்லாந்தர் நமது கடற்கரையில், பழவேற்காட்டில், கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். ஒரு கை நமது இலக்கணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மறு கை நமது கரையில் பீரங்கியை ஏற்றிக்கொண்டிருந்தது. லெய்டனுக்குப் போக நமக்கு வசதியில்லை. பழவேற்காட்டுக்குப் போகலாமே என்று புறப்பட்டுவிட்டோம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர்.

சென்னையிலிருந்து மின்ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. சாலை முடியுமிடத்தில் ஏரி தொடங்குகிறது. ஏரி என்றாலும் உப்பு நீர்தான். கடலுக்கும் நிலத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் காயல். கால்வாயும் பாலமுமாக ஒரு நகரத்தை எதிர்பார்த்து வந்த பேரப்பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம். "இந்தக் கால்வாயை ஒல்லாந்தர் வெட்டினார்களா?" என்று பக்கிங்காம் கால்வாயைக் காட்டிக் கேட்டனர். வழியில் யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்களாம். அன்று. சென்னைக்கு வடக்கே இக்கால்வாயை 1806-இல் தொடங்கியவர் பேசில் காக்ரேன் என்னும் ஆங்கிலேய வணிகர். பின்னர் அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு மண் சுமந்த ஏழைகளின் கைகளால் சென்னை நகரினூடே இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த நம் மரக்காணம் வரை வருவதும் இதே கால்வாய்தான். (எர்ப்பேனியஸ் 1624-இல் இறந்தபின் அவருடைய அரபுச் சுவடிகளை விலைக்கு வாங்கியவரும் ஒரு பக்கிங்காம் பிரபுவே! அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியவர். இது வெறும் பெயரொற்றுமை. அச்சுவடிகள் இன்று கேம்பிரிட்ஜில் உள்ளன.)

கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டிய மேடும் அகழியின் எச்சமும்தான் உள்ளன. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் இசைவு பெற்று வணிகம் தொடங்கினர் ஒல்லாந்தர். 1612-இல் போர்த்துகீசியர் அவர்களது பண்டகசாலையைத் தாக்கி அழித்தபின் கோட்டை தேவைப்பட்டது. கோட்டைத் தலைவராயிருந்த வான் பெர்க்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் ஒல்லாந்தரின் தலைநகர் இதுவே.

எதற்காக இவ்வளவு பாடு? துணிக்காக. ஜாவாவிலும் மொலுக்காத் தீவுகளிலும் மிளகையும் கிராம்பையும் சாதிக்காயையும் விளைவித்தவர்கள் வெள்ளியைவிட நம் நாட்டுத் துணியையே விரும்பினர். சோழமண்டலக் கரையை மொலுக்காவின் இடக்கை என்று ஹென்ட்ரிக் பிரவுவர் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1612-இல் எழுதினார். கடற்கரையில் மட்டுமா தறி இருந்தது? தென்னார்க்காட்டின் உள்நாட்டு ஊர்களிலும் நெய்த துணி தேவனாம்பட்டினம், பறங்கிப்பேட்டைத் துறைகள் வழியே சென்றது. இன்றும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம்போட்ட கைலியைக் "காயின் பெலிக்காட்" என்றே அழைக்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். பினாங்கிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கைலியை உடுத்தியிருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், அதன் பெயர் நம் கரையிலிருந்தே அங்கு போய்த் திரும்பியது என்பதை அறிவார்களா?

அந்தத் துணியை ஒல்லாந்தருக்கு முன்பே கீழைக் கடல்களுக்கு ஏற்றிச் சென்றவர்களில் நம் மரக்காயர்களும் சூலியாக்களும் உண்டு. அச்சேயும் கெடாவும் மலாக்காவும் அவர்களுக்கு அண்டை ஊர்கள்போல. 1641-இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைத் தடுத்தனர். தம் பாட்டன் ஓடிய கடலில் ஓடுவதற்குப் பேரன் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. சீட்டு வாங்கி ஓடியவர்களும் உண்டு. வாங்காமலே ஓடியவர்களும் உண்டு. பின்னவர்களை நினைக்கும்போது, உண்மையைச் சொல்வதானால், நமக்கு ஒரு மகிழ்ச்சி.

துணி மட்டும் போகவில்லை. கோட்டையில் வெடிமருந்து செய்து கிழக்கே அனுப்பினர். பஞ்சம் வந்தபோது மனிதரையே வாங்கினர். பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகள் இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றப்பட்டனர். அவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை. ஒல்லாந்தருக்கு உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அக்கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே படுத்திருக்கும் கற்களில் குலச் சின்னங்கள், பெயர்கள், தேதிகள் எல்லாம் எழுத்து மழுங்காமல் உள்ளன. இளைய பேரன் ஒரு கல்லின் ஆண்டை விரலால் தடவி வாசித்துவிட்டு, "இவங்க பேரெல்லாம் இருக்கு, அந்தக் கப்பல்ல போனவங்க பேரு எங்க இருக்கு, தாதா?" என்றான். நாம் விடை சொல்லவில்லை.

லுஹர் தொழுகைக்குச் சின்னப் பள்ளிவாசலை அடைந்தோம். நேரங்காட்டும் சூரிய கடிகாரம் அங்குண்டு. வெளியே ஒரு திண்ணையில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தனர். இவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைத்தொழில் அது. முதியவர் ஒருவர், "வாங்க ஹஜ்ரத், ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்து உபசரித்தார். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்த மரபுச் செய்தியைச் சொன்னார். எழுதிவைத்த ஏடு ஏதும் உண்டா என்று கேட்டோம். "வாப்பா காலத்தில் ஒரு பெட்டி நிறைய இருந்தது" என்றார். பிறகு பேச்சு மீன் விலையைப் பற்றித் திரும்பிவிட்டது.

அந்தப் "பெட்டி நிறைய" என்ற சொல்தான் திரும்பும் வழியெல்லாம் நம்மை வருத்தியது. 1825-இல் ஒல்லாந்தர் இக்கரையிலிருந்த தங்கள் ஊர்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போனாலும், அவர்களது கம்பெனி எழுதிய கணக்கும் கடிதமும் இன்றும் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இஸ்தான்புல்லில் தூதராயிருந்த லெவினஸ் வார்னர் என்பவர் 1665-இல் இறந்தபோது லெய்டனுக்கு விட்டுச் சென்ற கீழைநாட்டுச் சுவடிகள் ஏறத்தாழ ஆயிரம். இப்னு ஹஸ்மின் "தவ்குல் ஹமாமா" உலகில் எஞ்சியிருப்பது அவற்றுள் ஒரே ஒரு பிரதியாகத்தான். ஆளை விற்றவர்கள் ஏட்டைக் காத்தார்கள்; அவர்களைப் புகழ இது எழுதப்படவில்லை. நம்மைப் பற்றி ஒன்று சொல்லவே எழுதுகிறோம்.

நாம் மதரஸாவில் ஓதி முடித்துத் திரும்பிய புதிதில், ஒரு பள்ளிவாசலின் பரணைச் சுத்தம் செய்தார்கள். செல்லரித்த குர்ஆன் பிரதிகள், கிதாபுகள், அவற்றோடு அரபுத் தமிழில் எழுதிய நீண்ட கணக்கேடுகள், கடிதக் கட்டுகள். அரபு எழுத்துக் காலில் மிதிபடக் கூடாது என்ற பேணுதலால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விடச் சொன்னார்கள். குர்ஆன் பிரதிகளுக்கு அதுவே மரியாதை; ஐயமில்லை. ஆனால் கணக்கேட்டையும் கடிதத்தையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூட்டையைத் தோளில் சுமந்து சென்று கோமுகியில் இறக்கியவர் வேறு யாருமல்லர், நாமே. மேலே கிடந்த ஏட்டில் "பினாங்" என்ற சொல்லை வாசித்த நினைவு இன்னும் இருக்கிறது. அந்த ஆற்று நீர் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

ஊர் வந்த மறுநாள் நம் பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்தோம். அவர் கைப்பட எழுதிய ஆஜுர்ரூமிய்யா அதில் இருந்தது. வரிகளுக்கிடையே அரபுத் தமிழில் பொருள், ஓரத்தில் நெல் கடன் கொடுத்த கணக்கு. வசம்புத் தூளிட்டு, நிழலில் உலர்த்தி, ஒவ்வோர் ஏடாகப் பேரப்பிள்ளைகள் கைபேசியில் படமெடுத்து ஒல்லாந்திலிருக்கும் மாணவருக்கு அனுப்பி வருகின்றனர். பன்னிரண்டு ஏடுகள் முடிந்துவிட்டன. பதின்மூன்றாவதில் பாதியைச் செல் தின்றிருக்கிறது. கடன் வாங்கியவர் பெயர் இருக்கிறது, எத்தனை மரக்கால் என்பது இல்லை.