மனஸ்தாபமும் மனந்திரும்புதலும்

மனஸ்தாபம், மனந்திரும்புதல் ஆகியவை தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் பாவத்தைக் குறித்த வருத்தத்தையும் பாவத்தை விட்டு விலகுவதையும் சுட்டும் சொற்கள். வருந்துவது மட்டும் போதாது என்பதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மனஸ்தாபம் என்ற சொல்லை இரு தரப்பினரும் எதிரெதிர் இடங்களில் வைத்திருக்கின்றனர்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விரு வழக்குகளும் அருகருகே உள்ளன. இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் கத்தோலிக்கர் பலகாலமாக வாழும் ஊர்கள். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் வழிவந்த சபைகள் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

சொற்கள்

மனஸ்தாபம் என்பதற்கு மனத்தின் வெப்பம் என்பது நேர்ப்பொருள். பேச்சு வழக்கில் அது பிணக்கையே குறிக்கும். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால் யாரும் பாவசங்கீர்த்தனத்தை நினைப்பதில்லை. கத்தோலிக்க வழக்கிலோ அது உயர்ந்த சொல். 1551-இல் திரெந்து பொதுச்சங்கம், பாவத்தை வெறுத்து இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளும் வருத்தத்தையே உண்மையான வருத்தம் என வரையறுத்தது. இறையன்பினால் எழுவது நிறைவானது, தண்டனைக்கு அஞ்சி எழுவது குறைவானது என்றும் பிரித்தது. நிறைவானதே தமிழில் ‘உத்தம மனஸ்தாபம்’. பாவசங்கீர்த்தனத்திற்கென ஒரு தமிழ் நூலையே என்றிக்கே என்றீக்கசு 1580-இல் கொச்சியில் அச்சிட்டார். தமிழ் அச்சின் முதல் சில நூல்களுள் அது ஒன்று என்பதே இப்பொருள் எவ்வளவு அவசரமாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

சீர்திருத்த சபையினர் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் இச்சொல்லை வேறிடத்தில் வைத்தது. மத்தேயு 27:3-இல் மனஸ்தாபப்படுபவன் யூதாஸ். மூலக் கிரேக்கத்தில் அங்கு வருவது ‘மெத்தமெலோமாய்’, அதாவது பின்வருந்துதல். யோவான் ஸ்நானகன் கேட்கும் ‘மெத்தனோயா’ அந்த வேதாகமத்தில் மனந்திரும்புதல் ஆனது. சிந்தையின் மாற்றம் என்ற கிரேக்கப் பொருளைவிட, திரும்பி வருதல் என்ற பொருளுடைய ‘ஷூப்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கே இத்தமிழ்ச் சொல் நெருக்கமானது, நல்ல தேர்வு. லோயர் கேம்ப் பகுதியினருக்குத் திரும்புதல் கண்ணெதிரே உள்ள காட்சி: மேற்கே ஓடிய பெரியாற்று நீர் 1895 முதல் மலைச் சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு இப்பக்கம் இறங்குகிறது.

யூதாசும் பேதுருவும்

ஒருவர் செபத்தில் வேண்டும் மனநிலை இன்னொருவர் காதில் யூதாசின் மனநிலையாக ஒலிப்பது சிறு சங்கடமல்ல. யூதாசின் கதையும் எளிதானதல்ல. அவன் வருந்தினான், குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததாக வாய்விட்டு ஒப்புக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். வருத்தம், அறிக்கை, ஈடுசெய்தல் என்று கத்தோலிக்க மரபு கேட்கும் மூன்றும் வெளித்தோற்றத்தில் இருக்கின்றன. அன்றிரவு மும்முறை மறுதலித்த பேதுருவோ வெளியே போய் அழுதான்; அவ்வளவுதான். அழுகையின் அளவையோ செயல்களின் எண்ணிக்கையையோ கொண்டு இருவரையும் பிரிக்க முடியாது.

அவர்கள் யாரிடம் போனார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. யூதாஸ் தன்னை விலைக்கு வாங்கியவர்களிடமே போனான். அவர்கள் அது தங்கள் கவலையல்ல என்று கைவிரித்தனர். அதன்பின் அவனுக்குப் போக இடமில்லை. பேதுரு மற்ற சீடர்களோடே இருந்தான். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், கடற்கரையில், அன்புசெய்கிறாயா என்று மும்முறை கேட்கப்படுகிறான். மூன்றாம் முறை கேட்டபோது அவன் துக்கப்பட்டதாகவும் அங்கு எழுதியிருக்கிறது. திரும்பியவனுக்கும் வருத்தம் உண்டு.

இதையே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (7:10) இரு வகைத் துக்கங்களாகப் பிரிக்கிறார். ஒன்று மனந்திரும்புதலுக்கு வழி, மற்றது சாவுக்கு.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் யூதாசு ‘மனம் வருந்துகிறான்’. யோவானின் அழைப்பு ‘மனம் மாறுதல்’ ஆகிறது. மனஸ்தாபம் அவ்விரு இடங்களிலும் இல்லை. ஆனால் கத்தோலிக்கரின் செபங்களில் உத்தம மனஸ்தாப மந்திரம் இன்னும் அதே பெயரில் இருக்கிறது.