மரக்கட்டை ஓவியமும் மறைந்த பெயர்களும்

அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் எழுத்தைப் பற்றியே மிகுதியும் பேசுவர். எழுத்தோடு உடன்வளர்ந்த படத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கொங்கு நாட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விலைபோன 'பெரிய எழுத்து'க் கதைநூல்களைப் புரட்டியோர், நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை போன்றவற்றில் தடித்த கருங்கோட்டுப் படங்களைக் கண்டிருப்பர். எழுத்தறியாதார்க்கும் கதையுணர்த்தியவை அவை.

1835இல் அச்சகங்களின் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கவே, தமிழர் தடையின்றி அச்சகம் நடத்தலாயினர். 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் பயிற்றப்பட்டது. படத்தை இடவலம் மாற்றிக் கட்டையில் வரைந்து, கோடு மட்டும் மேலெழுந்து நிற்கப் பிறவற்றைக் குடைந்தெடுப்பர். ஈய எழுத்தின் உயரத்திற்கே கட்டை அமைந்தமையால் எழுத்தும் படமும் ஒருசேரப் பதிந்தன.

இக்கலை ஓங்கி வளர்ந்த நாடு ஜப்பான். அங்கு 1765 அளவில் ஹருனொபு காலத்தில் பல கட்டைகளால் பல வண்ணம் பதிக்கும் முறை நிலைபெற்றது. 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. 1872இல் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் இருப்புப்பாதை இணைத்தது. புகைவண்டியையும் தெருவிளக்கையும் பழைய கட்டைகளே படம்பிடித்தன. 1876 முதல் கியோச்சிகா புதிய நகரின் இரவொளியைத் தீட்டினார். யோஷிதோஷி 1885இல் தொடங்கிய நிலவோவிய வரிசையில் பழங்கதைகளைப் போற்றினார். 1894-95ஆம் ஆண்டுச் சீனப் போர்க் காட்சிகள் பெருவாரியாக விற்றன. பத்தாண்டுக்குப்பின் உருசியப் போர் மூண்டபோதோ, ஒளிப்படமும் கல்லச்சும் முந்திக்கொண்டன.

அதே 1894இல் இரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். அவர்தம் வண்ணத் தெய்வப்படங்கள் இல்லந்தோறும் புகுந்தன. ஒளிப்பட முறையில் ஆக்கிய துத்தநாகக் கட்டைகளும் பரவவே, இங்கும் செதுக்குளி ஓய்ந்தது.

வீழ்ச்சி இரு நாட்டிற்கும் பொது, நினைவோ பொதுவன்று. 1870களின் நடுப்பகுதி தொட்டு, ஜப்பானியப் படங்களின் ஓரத்தில் ஓவியர், வெளியீட்டாளர் ஆகிய இருவர் பெயரும் முகவரியும் இடம்பெற்றன. இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயர்களையே வேண்டிற்று. படம் செதுக்கியவர் பெயரை வேண்டவில்லை. ஆகவே நூலும் பதிப்பகமும் அறியப்பட, உளிபிடித்த கை மட்டும் பெயரற்றுப் போயிற்று. கல்வெட்டைப் பொறித்த சிற்பியின் பெயரையும் தேடிக் கண்டு மகிழும் நாம், இக்கைகளை மறந்தது முறையோ?

பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் நம் இலக்கிய வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். உறுப்பினர் இல்லப் பரண்களில் எஞ்சியுள்ள பெரிய எழுத்து நூல்களைத் திரட்டி, எப்படம் எந்நூலில், எந்த ஆண்டுப் பதிப்பில் உள்ளதெனப் பட்டியலிடுவோம். ஒரே கையின் கோட்டைப் பல நூல்களில் இனங்காண அதுவே முதற்படி. பெயர் கிட்டாது போயினும், அக்கைகளின் பணியேனும் வரலாற்றில் இடம்பெறும்.